பேண்ட் காட்டும் ஸ்டெப் எண்ணிக்கை சரிதானா? நீங்களே சோதித்துத் திருத்த முழு வழிகாட்டி

கையில் கட்டும் ஃபிட்னஸ் பேண்ட் 8,000 ஸ்டெப் என்று காட்டுகிறது, உண்மையில் எத்தனை நடந்தோம் என்ற சந்தேகம் வந்ததும் பெரும்பாலானவர்கள் போனில் இருக்கும் எண்ணோடு ஒப்பிடுகிறார்கள், இல்லையென்றால் கூட நடப்பவர் பேண்டோடு, அதுவும் இல்லையென்றால் நேராக ஆப்புக்குள் போய் அடி நீளத்தை, அதாவது ஒரு ஸ்டெப்பின் நீளத்தை, மாற்றுகிறார்கள். மூன்றாலும் பயனில்லை. போனும் பக்கத்து பேண்டும் தங்கள் பங்குக்குத் தப்பு செய்யும் கருவிகள்தான். அடி நீளத்தை மாற்றினால் தூரம்தான் மாறும், அடி எண்ணிக்கை அப்படியே இருக்கும்.

எங்கள் வாக்கிங் குழுவில் புதிதாக பேண்ட் வாங்குபவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: உங்கள் பேண்டுக்கு ஒரே ஒரு பிழை சதவீதம் கிடையாது. கை வீசி நடக்கும்போது ஒன்று, தள்ளுவண்டி தள்ளும்போது வேறொன்று, சமையலறையில் இன்னொன்று. அதனால் முதலில் அளக்க வேண்டும், அதையும் தனித்தனியாக அளக்க வேண்டும், அமைப்புகளில் கை வைப்பது அதற்கப்புறம்தான்.

1. கைவசம் இருக்க வேண்டியவை

ஒரு விரல் கவுன்டர் வாங்கிக்கொள்ளுங்கள். நாம ஜபம் எண்ணுவதற்காகக் கோயில் வாசல் கடைகளில் விற்கிறார்களே, மோதிரம் மாதிரி விரலில் மாட்டி அழுத்தும் அதே சாமான்தான். கூடவே ஒரு பேனா, ஒரு தாள். போனில் குறித்துக்கொள்கிறேன் என்று நடுவில் போனை எடுத்தால் கை வீச்சு மாறிவிடும், சோதனை கெட்டுவிடும்.

இடம் சமதளமாக இருக்கட்டும். மாவட்ட விளையாட்டு அரங்கத்தின் 400 மீட்டர் டிராக் கிடைத்தால் நல்லது, பின்னால் தூரம் பார்க்கவும் உதவும். இல்லையென்றால் ஆள் நடமாட்டம் குறைந்த நேரத்தில் பூங்காவின் நடைபாதை போதும். கடற்கரை மணல் வேண்டாம். கால் புதையும்போது நடையே மாறிவிடுகிறது.

பேண்டில் சார்ஜ் பாதிக்கு மேல் இருக்கட்டும். சில மாடல்கள் பேட்டரி சேமிப்பு நிலைக்குப் போனால் சில அளவீடுகளைக் குறைத்துவிடும்.

2. கட்டும் விதத்தைச் சரிசெய்யுங்கள், வேறெதையும் மாற்றாதீர்கள்

மணிக்கட்டு எலும்பிலிருந்து ஒரு விரல் அகலம் மேலே, முழங்கை பக்கமாகக் கட்டுங்கள். கையை உதறினால் பேண்ட் சுழலக் கூடாது, கழற்றினால் ஆழமாகத் தடமும் பதிந்திருக்கக் கூடாது. வளையல் மாதிரி தொங்கினால் ஒவ்வொரு வீச்சிலும் பேண்ட் தனியாக ஒரு முறை குலுங்கும், அந்தக் குலுக்கலும் சென்சாரில் விழும்.

ஆப்பைத் திறந்து எந்தக் கை என்ற அமைப்பை மட்டும் பாருங்கள். இடது கையில் கட்டிக்கொண்டு ஆப்பில் வலது என்று விட்டிருப்பவர்கள் நிறைய. ஃபிட்பிட்டில் அதிகம் பயன்படுத்தும் கையா, குறைவாகப் பயன்படுத்தும் கையா என்று கேட்கும். அதிகம் பயன்படுத்தும் கை என்று சொன்னால் எண்ணும் உணர்திறன் குறையும், ஏனென்றால் அந்தக் கை நடக்காத நேரத்திலும் ஓயாமல் அசைந்துகொண்டிருக்கும். உயரம், வயது, எந்தக் கை இவை உண்மைப்படி இருந்தால் போதும், ஆப்பை மூடிவிடுங்கள்.

சோதனைக்கு முன் அமைப்புகளை நோண்டினால் பிழை எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க வழியே இருக்காது.

3. 500 அடி அடிப்படைச் சோதனை

சாதாரண வேகத்தில் நொடிக்கு ஏறக்குறைய இரண்டு அடி வைக்கிறோம். அந்த வேகத்தில் "இருநூற்று நாற்பத்தேழு" என்று மனசுக்குள் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு அடி ஓடிவிடும். புதியவர்கள் எண்ணிக்கையைத் தவறவிடுவது பெரும்பாலும் இங்கேதான். அதனால் வலது கால் தரையில் படும்போது மட்டும் எண்ணுங்கள், அதுவும் ஒன்றிலிருந்து பத்து வரை மட்டும். பத்து வந்ததும் கவுன்டரை ஒரு முறை அழுத்திவிட்டு மறுபடி ஒன்று. ஓர் அழுத்தலுக்கு 20 அடி, 25 அழுத்தல் வந்தால் 500.

கவுன்டர் பேண்ட் கட்டாத கையில் இருக்கட்டும். பேண்ட் கட்டிய கையைச் சும்மா விடுங்கள், வழக்கம்போல வீசட்டும். சோதனை என்றதும் ராணுவ அணிவகுப்பு மாதிரி கை வீச ஆரம்பித்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் பேண்டுக்கு நல்ல மார்க் விழும், உங்கள் அன்றாட நடையைப் பற்றி எதுவும் தெரியாது.

தொடங்கும் முன் ஒரு நிமிடம் அசையாமல் நின்று பேண்ட் திரையில் இருக்கும் எண்ணைத் தாளில் எழுதுங்கள். 500 முடிந்ததும் உடனே கையைத் தூக்கிப் பார்க்காதீர்கள். கையைத் தொங்கவிட்டு இன்னொரு நிமிடம் நின்று அப்புறம் பாருங்கள். பல பேண்டுகள் அடிகளை ஒவ்வொன்றாக அல்லாமல் கொத்தாகத்தான் சேர்க்கின்றன, அவசரப்பட்டால் கடைசிக் கொத்து வந்திருக்காது. எண்ணைப் பேண்ட் திரையிலேயே பாருங்கள், ஆப்பில் வேண்டாம். பேண்டிலிருந்து ஆப்புக்குத் தரவு போய்ச் சேரும் வரை, அதாவது சிங்க் ஆகும் வரை, அங்கே பழைய எண்தான் நிற்கும்.

20 அடி, 50 அடி நடந்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள். தொடக்கத்திலும் முடிவிலும் போகிற சில அடிகள் 50இல் பெரிய சதவீதமாகத் தெரியும், 500இல் அடங்கிவிடும். இதே சோதனையை மூன்று முறை, முடிந்தால் வேறு வேறு நாளில் செய்யுங்கள். நள்ளிரவை ஒட்டிச் செய்யாதீர்கள், எண் பூஜ்யத்துக்குப் போய்விடும்.

4. கணக்கு: சராசரியைவிடச் சிதறலைப் பாருங்கள்

பேண்ட் காட்டியதிலிருந்து உண்மையான அடியைக் கழித்து, உண்மையான அடியால் வகுத்து, 100ஆல் பெருக்குங்கள். 500 நடந்து 463 காட்டினால் மைனஸ் 7.4 சதவீதம். மைனஸ், பிளஸ் குறியை விட்டுவிடாதீர்கள், அதுதான் முக்கியம்.

ஒருவருக்கு மூன்று முறையும் 488, 491, 486 என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இன்னொருவருக்கு 520, 470, 505. இரண்டாமவர் சராசரி 498, பார்க்க அற்புதமாக இருக்கும். ஆனால் நான் நம்புவது முதல் பேண்டைத்தான். அது எப்போதும் ஏறக்குறைய 2 சதவீதம் குறைத்து எண்ணுகிறது, தெரிந்துவிட்டால் மனதில் கூட்டிக்கொள்ளலாம். இரண்டாவது ஒவ்வொரு நாளும் ஒரு கணக்கு சொல்கிறது, அதற்குத் திருத்தம் போட முடியாது. அப்படிச் சிதறினால் பட்டை தளர்வாக இருக்கிறதா, எண்ணும்போது நீங்கள் தவறவிட்டீர்களா என்று பார்த்து மறுபடி நடங்கள்.

எவ்வளவு பிழை வரை பரவாயில்லை? ஜப்பானின் தொழில் தரநிலை பெடோமீட்டர்களுக்கு 3 சதவீதம் வரைதான் அனுமதிக்கிறது, அதாவது 100 அடிக்கு 3. மணிக்கட்டில் கட்டுவதற்கு அவ்வளவு கறார் தேவையில்லை. சமதளத்தில் கை வீசி நடக்கும்போது 5 சதவீதத்துக்குள் இருந்தால் நல்ல பேண்ட் என்றே சொல்வேன். 10ஐத் தாண்டினால் ஏதோ சரியில்லை. 2015இல் ஜாமா மருத்துவ இதழில் வந்த ஒரு சோதனையில் 14 பேரை டிரெட்மில்லில் 500 அடியும் 1,500 அடியும் நடக்கவிட்டுப் பார்த்தபோது, அணியும் கருவிகளில் ஒன்று 20 சதவீதத்துக்கும் மேல் குறைத்து எண்ணியது. கருவிகள் அதற்கப்புறம் மேம்பட்டிருக்கின்றன. ஆனால் நன்றாக நடக்கும் ஆட்களை வைத்து, சமதளத்தில், ஒரே வேகத்தில் பார்த்தபோதே அந்த அளவு பிழை வந்தது என்பதை மறக்க வேண்டாம்.

5. கை வீசாத நடையைத் தனியாகச் சோதியுங்கள்

அடிப்படைச் சோதனையோடு நிறுத்திவிடாதீர்கள். பெரிய பிழை இனிமேல்தான் வரப்போகிறது.

பேண்டுக்குள் இருப்பது ஆக்சிலரோமீட்டர் என்ற அசைவு சென்சார். அதற்குக் கால் தெரியாது, மணிக்கட்டு மட்டும்தான் தெரியும். நடக்கும்போது மணிக்கட்டுக்கு இரண்டு விதமான அசைவு வருகிறது: ஒவ்வொரு அடிக்கும் உடம்பு எழும்பி இறங்கும் குலுக்கல், இரண்டு அடிக்கு ஒரு முறை முன்னும் பின்னும் போய்வரும் கை வீச்சு. இந்த இரண்டும் சீரான தாளத்தில் வந்தால்தான் பேண்ட் அதை நடை என்று ஏற்கிறது. கை ஒரு பிடியில் அமர்ந்துவிட்டால் வீச்சு போய்விடும், குலுக்கலும் மங்கிவிடும்.

எங்கள் குழுவில் ஒரு பாட்டி பேரனைத் தள்ளுவண்டியில் வைத்துப் பூங்காவைச் சுற்றுவார். அரை மணி நேரத்துக்கு மேல் நடந்தும் பேண்டில் சில நூறுதான் ஏறும், பேண்ட் கெட்டுவிட்டது என்று மாற்றப் பார்த்தார். அன்று ஒரே சுற்றில் பாதித் தூரம் இரண்டு கையாலும் தள்ளச் சொன்னோம், மீதித் தூரம் பேண்ட் இல்லாத கையால் மட்டும் தள்ளி மற்ற கையைத் தொங்கவிடச் சொன்னோம். முதல் பாதியில் எண் ஏறக்குறைய அசையவே இல்லை, இரண்டாம் பாதியில் விறுவிறு என்று ஏறியது. பேண்டில் எந்தக் கோளாறும் இல்லை.

உங்கள் வாழ்க்கையில் எது நிறைய வருமோ அதை மட்டும் சோதித்தால் போதும், ஒவ்வொன்றுக்கும் 200 அடி:

தள்ளுவண்டி, சூப்பர் மார்க்கெட் டிராலி, டிரெட்மில் கைப்பிடி. இவற்றில்தான் இழப்பு அதிகம்.

கையில் கனமான காய்கறிப் பை. பேண்ட் கட்டிய கையில் பை இருந்தால் ஒன்று, மற்ற கையில் இருந்தால் ஒன்று என இரு முறை பாருங்கள்.

பேன்ட் பாக்கெட்டில் கை, காதில் போன், போனைப் பார்த்துக்கொண்டே நடப்பது. இதில் மாடலுக்கு மாடல் வித்தியாசம் மிக அதிகம். சில பேண்டுகள் நன்றாகவே சமாளிக்கின்றன.

படி ஏறுவது. கைப்பிடிச் சுவரைப் பிடித்து ஒரு முறை, பிடிக்காமல் ஒரு முறை. பிடிக்காமல் ஏறுவது பாதுகாப்பு என்றால் மட்டும்.

வயதானவர்களுக்கு இதில் தனிக் கவனம் வேண்டும். மெதுவாக, பாதத்தை அதிகம் தூக்காமல் நடப்பவர்களின் குலுக்கல் மிகவும் மெல்லியது, பேண்ட் பாதி அடிகளைக்கூட விட்டுவிடலாம். கைத்தடி இருந்தால் தடி பிடிக்காத கையில் கட்டிச் சோதியுங்கள். அவர்களை எண்ணச் சொல்லாதீர்கள், பின்னாலிருந்து நீங்கள் கால்களை வீடியோ எடுத்து அப்புறம் ஓட்டிப் பார்த்து எண்ணுங்கள். எண்ணிக்கை சரியாக வர வேண்டும் என்பதற்காகத் தடியையோ டிரெட்மில் கைப்பிடியையோ விடச் சொல்லவே கூடாது. விழுந்துவிட்டால் பெரிய ஆபத்து.

6. விட்டு விட்டு நடக்கும் சோதனை

நாள் முழுக்க வீட்டில் காலை ஊன்றி நிற்பவர்கள், கடையில் வேலை செய்பவர்கள், "கால் வலிக்கிறது, பேண்டில் 2,000கூட இல்லை" என்பார்கள். அவர்கள் சொல்வது உண்மைதான்.

பெரும்பாலான பேண்டுகள் முதல் சில அடிகளை உடனே ஏற்பதில்லை. தொடர்ந்து பத்து அடி போல வந்தால்தான் இது நடை என்று உறுதி செய்துகொண்டு, காத்திருந்த அடிகளையும் சேர்த்துப் போடும். வேண்டுமென்றே வைத்த வடிகட்டி இது. இல்லாவிட்டால் தலை வாருவது, கை நீட்டி டம்ளர் எடுப்பது எல்லாம் அடியாகிவிடும். ஆனால் அடுப்பிலிருந்து ஃபிரிட்ஜுக்கு நான்கு அடி, அங்கிருந்து சிங்க்குக்கு மூன்று அடி என்று நடப்பவருக்கு அந்த வடிகட்டியில் எல்லாமே போய்விடுகிறது.

சோதனை எளிது. ஐந்து அடி நடந்து, ஐந்து நொடி நில்லுங்கள். இதை 20 முறை. மொத்தம் 100 அடி. பேண்ட் எவ்வளவு ஏற்றுக்கொண்டது என்று பாருங்கள். அப்புறம் இதையே எட்டு அடியாக, 12 அடியாக மாற்றிச் செய்தால் எத்தனை அடி தொடர்ந்து வந்தால் உங்கள் பேண்ட் ஏற்கிறது என்று தெரிந்துவிடும்.

7. நடக்காமலே ஏறும் அடிகள்

இப்போது மறுபக்கம். உட்கார்ந்தபடியோ நின்றபடியோ கையால் செய்யும் வேலைகளைச் சோதியுங்கள்: துணியைக் கல்லில் கும்முவது, சப்பாத்தி தேய்ப்பது, பாயசம் கிண்டுவது, பஜனையில் கை தட்டுவது, குழந்தையைத் தட்டித் தூங்க வைப்பது. ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் எண்ணை எழுதுங்கள், கால் நகராமல் ஐந்து நிமிடம்.

நொடிக்கு இரண்டு முறை என்ற தாளத்துக்கு எது பக்கத்தில் வருகிறதோ அதுதான் பேண்டை அதிகம் ஏமாற்றும். பல் தேய்ப்பது பொதுவாக அதைவிட வேகம், அதனால் சில பேண்டுகள் ஒதுக்கிவிடுகின்றன. கை தட்டுவதும் கும்முவதும் அந்தத் தாளத்திலேயே விழுகின்றன.

பைக், ஸ்கூட்டர் ஓட்டுபவர்கள் இதைக் கட்டாயம் செய்யுங்கள். வீட்டில் கிளம்பும்போது எண், ஆபீஸ் வாசலில் இறங்கியதும் எண். எஞ்சின் அதிர்வு மிக வேகமானது, அதை எளிதில் வடிகட்டிவிடலாம். குண்டும் குழியுமான சாலையில் ஹேண்டில்பார் தூக்கிப் போடுவதுதான் நடை மாதிரியே இருக்கும். தினமும் இரண்டு வேளை அது ஏறினால் உங்கள் மொத்தத்தில் ஒரு பங்கு சாலைப் பள்ளங்களுடையது.

இதில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. டிராலியில் இழந்தது சமையலில் சேர்ந்து நாள் மொத்தம் ஏறக்குறைய சரியாக வந்துவிடும், பேண்ட் துல்லியம் என்று நினைத்துவிடுவோம். நாள் மொத்தத்தை வைத்துத் துல்லியத்தை முடிவு செய்யாதீர்கள் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான்.

8. இனி திருத்தம், ஒரு நேரத்தில் ஒன்று

தாளில் எது பெரிய பிழையோ அதிலிருந்து தொடங்குங்கள்.

கை வீசும் நடையிலேயே குறைகிறது என்றால் முதலில் பட்டையை இறுக்கி மறுபடி 500. மாறவில்லை என்றால் மற்ற கைக்கு மாற்றி, ஆப்பிலும் கையை மாற்றி மறுபடி 500. அதற்கப்புறமும் 10 சதவீதத்துக்கு மேல் என்றால் பேண்டின் உள் மென்பொருளான ஃபர்ம்வேருக்கு அப்டேட் இருக்கிறதா என்று பாருங்கள், கடைசி வழி ரீசெட். ரீசெட்டுக்கு முன் சிங்க் செய்துவிடுங்கள், இல்லையென்றால் அன்றைய தரவு போகும்.

தள்ளுவண்டி, டிராலி, டிரெட்மில் இழப்புக்கு அமைப்புகளில் மருந்து இல்லை. அந்த நேரத்துக்கு மட்டும் பேண்டைக் கழற்றிப் பேன்ட் பாக்கெட்டில் போடுங்கள், அல்லது இடுப்பில் செருகுங்கள். இடுப்புக்கு ஒவ்வொரு அடியின் குலுக்கலும் வருகிறது. கணுக்காலில் கட்டுபவர்களும் உண்டு. அந்த இடத்தில் ஒரு கால் அசைவை மட்டும் எண்ணி சில பேண்டுகள் பாதியாகக் காட்டும், 200 அடி சோதித்துவிட்டுப் பயன்படுத்துங்கள். கழற்றினால் இதயத் துடிப்பு அளவு கிடைக்காது என்பது இதில் இருக்கும் நஷ்டம்.

பைக்கில் ஏறுகிற அடிகளுக்கு, ஓட்டும்போது பேண்டைக் கழற்றிப் பையில் வைப்பதுதான் வழி. பையும் குலுங்கும் என்பதால் அதையும் ஒரு நாள் சோதியுங்கள்.

ஒரு மாற்றம், ஒரு சோதனை. இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

9. தூரத்தை அதற்கப்புறம் பாருங்கள்

ஜிபிஎஸ் ஓடாத நேரத்தில் பேண்ட் காட்டும் தூரம் என்பது அடி எண்ணிக்கையை அடி நீளத்தால் பெருக்கியதுதான். எண்ணிக்கை சரியாகாமல் நீளத்தைத் திருத்தினால் இரண்டு பிழைகள் ஒன்றையொன்று மறைக்கும்.

நீங்கள் எதுவும் தராவிட்டால் ஆப் உங்கள் உயரத்திலிருந்து ஊகிக்கும். வழக்கமான கணக்கு உயரத்தில் ஏறக்குறைய 41 சதவீதம், 165 செ.மீ. உயரத்துக்கு 68 செ.மீ. போல வரும். உங்கள் நடை அப்படி இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

400 மீட்டர் டிராக்கின் முதல் லேனில், உள் விளிம்பிலிருந்து ஒரு சாண் தள்ளி ஒரு சுற்று நடந்து அடிகளை எண்ணுங்கள். 588 வந்தால் 400ஐ 588ஆல் வகுக்க 68 செ.மீ. காலை நேரத்தில் ஓடுபவர்களுக்கு வழிவிட்டு எல்லோரும் வெளி லேனில்தான் நடப்பார்கள். எட்டாவது லேனில் ஒரு சுற்று ஏறக்குறைய 453 மீட்டர், அதை 400 என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால் எல்லாம் தப்பாகும்.

எண்ணை ஆப்பில் போடும் முன் அங்கே ஏற்கனவே இருப்பதைப் பாருங்கள். 60, 70 என்று இருந்தால் ஓர் அடியின் நீளத்தைக் கேட்கிறது, 130, 140 என்று இருந்தால் இரண்டு அடி சேர்ந்த நீளத்தை. ஆப்பிள் வாட்சில் எண்ணைக் கையால் போடும் வேலை இல்லை. திறந்த வெளியில், ஜிபிஎஸ் நன்றாகக் கிடைக்கும் இடத்தில் வெளிநடைப் பயிற்சியை ஓடவிட்டு 20 நிமிடம் நடந்தால் அதுவே கற்றுக்கொள்ளும்.

10. போனும் பேண்டும் சேர்ந்து கூட்டுகிறதா

பேண்ட் திரையில் 6,000, ஆப்பில் 9,000 என்றால் பேண்டைக் குறை சொல்ல வேண்டாம். போன் எண்ணியதும் எங்கோ சேர்கிறது. சாம்சங் ஹெல்த்தில் எல்லாக் கருவிகளின் அடிகளையும் சேர்த்துக் காட்டவும், ஒரு கருவியை மட்டும் காட்டவும் தேர்வு இருக்கிறது. ஆப்பிள் ஹெல்த்திலும் ஆண்ட்ராய்டின் ஹெல்த் கனெக்ட்டிலும் எந்தக் கருவிக்கு முன்னுரிமை என்று வரிசைப்படுத்தலாம், பேண்டை மேலே வையுங்கள்.

உறுதி செய்ய, போனை வீட்டில் வைத்துவிட்டு ஒரு நடை, போனோடு ஒரு நடை, ஒரே பாதையில். இரண்டாவதில் மட்டும் ஆப்பில் எண் வீங்கினால் காரணம் தெரிந்துவிட்டது.

11. எப்போது மறுபடி சோதிப்பது

ஃபர்ம்வேர் அப்டேட் வந்த பிறகு, ஏனென்றால் எண்ணும் முறையே மாறியிருக்கலாம். பட்டையை மாற்றினால், குறிப்பாக ரப்பரிலிருந்து உலோகத்துக்கு. கால் அடிபட்டு நடை மாறியிருந்தால். இந்த நேரங்களில் 500 அடி ஒரு முறை போதும், தாளில் பழைய எண்களோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். அந்தத் தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

ஆபீஸ் ஸ்டெப் போட்டிகளில் சேருபவர்களுக்கு ஒன்று: உங்கள் 9,500ம் பக்கத்து இருக்கைக்காரரின் 10,200ம் வேறு வேறு பேண்டில், வேறு வேறு கைப் பழக்கத்தில் வந்தவை. அந்த 700 அடி வித்தியாசத்துக்காக ராத்திரி பத்து மணிக்கு ஹாலில் நடந்துகொண்டிருக்காதீர்கள். ஒரே பேண்ட், ஒரே கை, ஒரே விதமாகக் கட்டியது என்றால் போன வாரத்து உங்களோடு இந்த வாரத்து உங்களைத் தாராளமாக ஒப்பிடலாம்.